மலையில்லாத மூன்று நாள்

வெள்ளி போயா. சனி, ஞாயிறு சேர்த்தால் மூன்று நாள்.
அப்புத்தளைக்கென்று வாங்கிய சப்பாத்துகள்
பெட்டிக்குள் பேப்பர் தின்றுகொண்டிருக்க
வியாழன் இரவு வானொலி சொன்னது:
மலைப்பாதைகளில் மண்சரிவு, பயணம் தவிர்க்க.

வாடகைக்கு எடுத்த வாகன்ஆர்
ஒழுங்கைமுனையில் நனைந்துகொண்டு நின்றது.
முற்பணம் திரும்பாது என்றான் துவாரகன்.
"அப்ப இஞ்சயே ஏறுவம்" என்றேன்.
"எதுல?" என்றாள் பவளராணி,
லுணுகலைக்காரி; எங்கள் வார்டின் இரவுக் கடமையில்
ஒருநாளும் கண் அயராதவள்.

எதில் என்பது நியாயமான கேள்வி.
எங்கள் ஊரில் உயரம்
பனைக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

முதல்நாள் கீரிமலை.
பெயரை நம்பித்தான் கூட்டிப்போனோம்.
தெல்லிப்பழையில் துமித்த மழை
கரையை நெருங்கக் கனத்தது.
வைப்பரின் ஒரு கை துடைத்தது,
மற்றது பாதிவழியில் நின்று
கும்பிட்டது.
கேணிப்படியில் கால்வைத்தபடி அவள்
"மலைன்னு சொல்லிட்டு
கீழ இறக்கி விடுறீங்களே" என்று சிரித்தாள்.
நன்னீரில் பெய்த மழை அப்பால் உப்பிலும் பெய்தது,
இடையில் ஒரு சுவர்.
துவாரகன் மட்டும் குளித்துவிட்டு
பல் கிடுகிடுக்க வந்தான்.

அடுத்தநாள் பொன்னாலைப் பாலம்.
இரண்டு பக்கமும் கடல், மேலேயும் கடல்.
மின்கம்பங்களைப் பார்த்துத்தான்
தெரு இதுவென்று ஓட்டினான்.
நாங்கள் கண்ணாடியை இறக்கிப் படம்பிடித்தோம்.
அவள் பிடிக்கவில்லை.
"நேத்துப் பத்து மணியில இருந்து நிக்கல" என்றாள்,
காய்ச்சல் அட்டையில் குறிப்பதுபோல.

காரைநகரில், ஒரு மூடிய கடையின் தாழ்வாரத்தில்
றோல்ஸ் பிய்த்துக்கொண்டிருக்கையில் கேட்டாள்:
"இங்க தண்ணி வந்தா என்ன செய்யும்?"
"வீட்டுக்குள்ள வரும்.
அடுப்பை அணைக்கும். ஒரு பாம்பைக் கொண்டுவரும்.
பிறகு நிக்கும்."
"நிக்குமா?"
அந்தச் சொல்லை வாய்க்குள் ஒதுக்கி
தோடம்பழ இனிப்புப்போல உருட்டினாள்.
"எங்களுக்கு அது நடந்து வரும்.
ராத்திரியில."
றோல்ஸ் ஆறிவிட்டது.
நான் அதற்குப்பிறகு படமெடுக்கவில்லை என்று
சொல்ல ஆசைதான்.
எடுத்தேன். பூநாரைகள் இருந்தன.

ஞாயிறு, வல்லைவெளியில்
காற்று காரைத் தோளால் இடித்தது.
நெல்லியடி தாண்டி மணற்காட்டில்
சப்பாத்துகளுக்கு முதல்முறை வெளிச்சம் காட்டினோம்.
நனைந்த மணல்மேடு
நேராக ஏறிய எங்களை இரண்டடிக்கு ஓரடி திருப்பியனுப்பியது.
அவள் குறுக்காக,
ஓரப்பாதத்தை ஊன்றி ஊன்றி
ஒரு வரியும் பேசாமல் மேலே போய்விட்டாள்.

உச்சியில் நின்று
சவுக்கந்தலைகளைக் கீழே பார்ப்பது
முப்பத்திரண்டு வயதில் எனக்கு முதல்முறை.
ஊர் இவ்வளவு தட்டையா!
யாரோ சோற்றுத்தட்டை வழித்து வைத்தமாதிரி.
அப்போதுதான் அவளுடைய போனுக்கு
இரண்டு கோடு கிடைத்தது.
எங்களுக்கு முதுகைக் காட்டி நெடுநேரம் கதைத்தாள்.
காற்று சில சொற்களை எங்களிடம் எறிந்தது:
பள்ளிக்கூடத்துல. பாய் இருக்கா. வெடிப்பு. எவ்ளோ அகலம்.

இறங்கும்போது அவள் காலடி மணல்
கொஞ்சம் சரிந்தது, ஒரு சாண் இருக்கும்.
அதற்கே என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
வளையல் பதிந்த அடையாளம்
நெல்லியடித் தேத்தண்ணிக்கடை வரை இருந்தது.

கடையில் மேசைக்கடியில்
சப்பாத்தைக் கவிழ்த்தோம்.
சீமெந்துத் தரையில் சின்னதாய் ஒரு குன்று.
துவாரகன் அதன்மேல் நெருப்புக்குச்சி ஒன்றைக் கொடியாக நட்டான்.
அவள் குச்சியை எடுத்து ஓரமாய் வைத்தாள்.
பெருவிரலால் மெதுவாக, மிக மெதுவாக
மணலைத் தட்டையாக்கினாள்.

தேத்தண்ணி வந்தது. சீனி கூட.

"கோழியப் புடிக்க
அப்பா மட்டும் திரும்பிப் போயிருக்காராம்" என்றாள்.