எட்டாவது இலக்கம்

அக்தோகாய் நிலையத்தில் இரவுப் பணி.
மைனஸ் முப்பத்தொன்று.
மூன்றாம் தடத்தில் ஐம்பத்தெட்டு டேங்கர்கள்,
என் கையில் அட்டை, தாள்,
மை உறைந்துவிடும் என்பதால் பென்சில்.
வண்டி எண்ணைப் படி. எழுது. நட.
இதற்குத்தான் சம்பளம்.

வகை பிரிப்பது என் சொந்தச் செலவில்.
இரட்டையா, ஒற்றையா, மூன்றுக்கு அடங்குமா,
தன் வகுத்திகளைக் கூட்டினால்
தன்னை விஞ்சுமா, தனக்கே போதாதா.
போன செவ்வாய் ஒரு நிலக்கரி வண்டி:
64300346.
முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றே.
எட்டு இலக்கத்தில் அப்படி வந்தால்
உள்ளே பதினொன்று உட்கார்ந்திருக்கும், தப்பாது.
வயர்லெஸில் ஓராஸிடம் சொன்னேன்.
"அதற்கு பிரேக் பிடிக்கிறதா?" என்றான்.

நாற்பத்து மூன்றாவது டேங்கர்.
எண்ணின் மேல் விரல் கனத்துக்குப் பனி.
கையுறையின் முதுகால் இடமிருந்து துடைத்தேன்.

7
73
739
7393

இங்கே நின்றேன்.
பதினாறு வயதில், கராகண்டியில், ஒலிம்பியாட் முகாமில்,
சூப் ஆறிப்போகும் வரை நான் பார்த்திருந்த எண்
இப்படித்தான் தொடங்கும்.
வலப்பக்கம் ஒவ்வோர் இலக்கமாய் வெட்டிக்கொண்டே வா,
மிஞ்சுவது ஒவ்வொரு முறையும் பகா எண்.
எட்டு இலக்கத்தோடு அந்த வம்சம் முடிகிறது.
ஒன்பதாவதாய் எதை ஒட்டினாலும் உடையும்.
இந்தக் குணமுள்ளவற்றில் அதைவிடப் பெரியது இல்லை.

73939
739391
7393913

எட்டாவது இலக்கம் இருந்த இடத்தில்
பெயிண்ட் இல்லை. துரு. ஏதோ சங்கிலி உரசிய தடம்.
மூன்றாய் இரு என்றேன், வாய்விட்டு.
மூச்சு என் இமையில் வெள்ளையாய் ஒட்டியது.

ஆனால் ரயில்வேக்கு ஒரு கணக்கு உண்டு.
ஏழு இலக்கங்களையும்
இரண்டால், ஒன்றால், இரண்டால், ஒன்றால் பெருக்கு,
வரும் இலக்கங்களை எல்லாம் கூட்டு,
அடுத்த பத்துக்கு எவ்வளவு குறைகிறதோ அதுவே கடைசி.
ஐந்து, மூன்று, ஒன்பது, மூன்று, ஒன்பது, ஒன்று, ஆறு.
முப்பத்தாறு.
விரல்களை மடக்கி மறுபடி பார்த்தேன்.
நான்கு.

மூன்று என்று அனுப்பினால்
அப்படி ஒரு வண்டி இல்லை என்று கணினி திருப்பிவிடும்.
எந்தத் தண்டவாளத்திலும் அது ஓடாது,
அந்த எண்ணுக்குச் சக்கரம் கிடையாது.

73939134 என்று எழுதினேன்.
ஆறால் வகுபடும். ஆறின் மடங்கு, ஆறைத் தாண்டியது,
ஆகவே மிகை எண்:
வகுத்திகள் கூடி அதையே மிஞ்சும்.
சுமையும் அப்படித்தான், அறுபது டன் மசூத்.

"குல்யாஷ், தூங்கிவிட்டாயா?"
"நாற்பத்து மூன்றில் கடைசி இலக்கம் அழிந்திருக்கிறது. பெயிண்டருக்குச் சொல்."
"என்ன எழுதச் சொல்ல?"
கொஞ்ச நேரம் வயர்லெஸ் இரைந்தது.
"நான்கு," என்றேன்.

நாற்பத்து நான்காவது ஐந்தில் முடிந்தது.
பார்க்கவே வேண்டாம்.