ஒன்றரை மணி நேரம்

உளுந்து மண்டியில் கணக்கெழுதுகிறவள் நான்.
எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கோடு கிழித்துவிடுவேன்.

பழைய பில் புத்தகத்தின் பின்பக்கம்.
இடப்புறம் யாங்கோன், ஐம்பத்தொன்றாம் தெரு, ஐந்தாம் மாடி.
வலப்புறம் சிங்கப்பூர், தம்பி பரஞ்சோதி.

அவன்தான் ஆரம்பித்தான்:
"அங்கே எப்படித்தான் இருக்கிறாய்?
வந்துவிடேன், ஏஜெண்ட் ஒருத்தரைப் பிடிக்கிறேன்."
சரி, தொகை போட்டுப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கரண்ட்: இங்கே நாளுக்கு எட்டு மணி, அதுவும் அதன் மனம்போல.
அங்கே அது போனால் செய்தித்தாளில் வருமாம்.
படி: இங்கே தொண்ணூற்றிரண்டு.
அங்கே லிஃப்ட், உள்ளே கண்ணாடி,
தலை கலைந்திருந்தால் சீவிக்கொண்டே ஏறலாம்.
சம்பளம்: அவனுடைய ஒரு நாள்
என்னுடைய பதினோரு நாள்.
முதலாளிக்குத் தெரியாமல் மண்டிக் கால்குலேட்டரில்
இன்னொரு முறை தட்டினேன்.
பதினொன்றுதான்.

பொழுதுகூட அங்கே முந்திக்கொள்கிறது,
ஒன்றரை மணி நேரம்.
புத்தாண்டு அவனிடம் போய், வெடித்து,
குப்பை கூட்டி அள்ளிய பிறகுதான்
சூலே பகோடாப் பக்கம் எட்டிப் பார்க்கிறது.

இடப்பக்கம் வரவென்று ஏதாவது எழுத வேண்டுமே.
பால்கனியிலிருந்து தெருவரை தொங்குகிறது ஒரு கயிறு,
நுனியில் கிளிப்பும் சின்ன மணியும்.
காலையில் மா சோ மொஹிங்காப் பையை மாட்டி
மணியை ஆட்டுவாள்.
காசு நாளைக்கு என்றாலும் பை மேலே வரும்.
இதை எந்த விலைக்கு எழுதுவது?
அந்த இடத்தை வெறுமையாக விட்டேன்.
மண்டியில் அப்படி விட்டால் வேலை போய்விடும்.

வலப்பக்கத்துக்குச் சாட்சி அவன் அனுப்பும் படங்கள்.
ரயில், மரம், இன்னொரு ரயில்.
குழாய்த் தண்ணீரை அப்படியே குடித்துவிட்டுச் சிரிக்கிறான்.

நானென்ன லேசுப்பட்டவளா?
கரண்ட் இருக்கும் நேரம் பார்த்துத்தான் கூப்பிடுவேன்.
மின்விசிறி தெரிகிறமாதிரி போனைச் சாய்த்து வைத்து,
பேச்சுவாக்கில் ஃபிரிட்ஜைத் திறந்து மூடுவேன்.
உள்ளே அரிசியும் வீட்டுப் பத்திரமும்,
எலிக்குப் பயந்து.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் கையிலிருந்து போன் நழுவியது.
விழுந்த போன், பொய் சொல்லத் தெரியாமல்
மல்லாந்து கிடந்தது.
முதலில் கூரை.
பிறகு இரும்புக் கட்டில்கள், ஒன்றின்மேல் ஒன்று.
எண்ணினேன், பழக்கதோஷம். பன்னிரண்டு.
மேல்கட்டில் அவனுடையது.
பச்சைக் கட்டம் போட்ட லுங்கியைத் தொங்கவிட்டு
ஒரு சுவர் செய்திருந்தான்.
போகும்போது நான் வாங்கித் தந்த லுங்கி.

"லிஃப்ட்?" என்றேன்.
"அது நாங்கள் கட்டுகிற வீடுகளில், அக்கா."

அந்த நேரம் பார்த்து இங்கே கரண்ட் போனது.
என் முகம் இருந்த இடத்தில் ஒரு கறுப்புச் சதுரம்.
அதைப் பார்த்து "அக்கா? அக்கா?" என்கிறான்.
"இங்கேதான் இருக்கிறேன்.
தினமும் இப்படித்தான்."
அவன் முதலில் சிரித்தான். அல்லது நானா?

கணக்கு முடியவில்லை.
நாட்டைப் பார்த்து நாட்டை எழுதிவிட்டேன்.
அந்த நாட்டில் அவன் எத்தனையாவது கட்டிலில்
படுத்திருக்கிறான் என்று எழுதக் கட்டம் இல்லை.
போகச் சொன்னால் போவேன், அது வேறு.
பதினோரு நாளைப் பத்து விரலால் மறைக்க முடியுமா?

விடியற்காலம் மூன்று மணிக்குக் கரண்ட் வருகிறது.
தெரு முழுக்க மோட்டார்கள் ஓடத் தொடங்கும்.
எழுந்து அரிசி களைந்து குக்கரில் போடுகிறேன்,
சட்டையைத் தேய்க்கிறேன்.
அவனுக்கு இப்போது நாலரை.
விடுதி வாசலில் லாரியின் பின்தட்டுக்கு
ஹெல்மெட்டும் கையுமாக வரிசை நிற்பான்.
அவன் கடிகாரம்தான் முன்னால் போகிறது,
தூக்கம் இருவருக்கும் ஒரே சமயத்தில் போகிறது.

ஐந்தாம் மாடிக் குழாயைத் திறந்தால்
முதலில் காற்று, இருமிக்கொண்டு.
பிறகு கொஞ்சம் துரு.
அப்புறம் தண்ணீர்.