இடுப்பளவுத் தண்ணீர்

பதினெட்டு நிமிடப் படம்.
இரண்டாயிரத்து நான்கு, சித்திரை, கண்டனூர்.
கல்யாண வீடியோக்காரரிடம்
நாளுக்கு எழுநூறு என்று எடுத்த கேமரா.
வாட்ச்மேனுக்கு இருநூறு கொடுத்து
மலேசியாவில் யாரோ மறந்துபோன
வீட்டின் இரண்டாங்கட்டு.

நேற்று காரைக்குடியில்,
டியூஷன் சென்டர் மாடியில்
வெள்ளை வேட்டியை ஆணியடித்துப் போட்டுக் காட்டினோம்.
பதினேழு பேர். பாதிப்பேர்
படம் எடுத்தபோது பால்வாடியில் இருந்தவர்கள்.

இரண்டாம் நிமிடத்திலேயே சிரித்தார்கள்.
"சமூகம் நம்மை வாழவிடாது, கதிரேசா" என்று
தூணைப் பார்த்துச் சொல்கிறான் ஒருவன்.
தூணும் ஒப்புக்கொள்வதுபோல் நிற்கிறது.
வசனம் நான்தான்.
இரண்டு விரல் நெருங்கும்போதெல்லாம்
புறா.
ஆறு தடவை புறா.
முத்தம் என்று எழுதக் கை வராமல்
எழுதிய புறா.

கடைசியில் ஊருணி.
படியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு,
வயலின்.
அன்றைக்கு இந்த மாதிரிப் படமென்றால்
ஒருவன் சாகவேண்டும், இல்லை
ஒருவன் தாலி கட்டவேண்டும்.
மண்டபம் பிடிக்கக் காசில்லை.

விளக்கைப் போட்டதும்
மூக்குத்தி போட்ட பையன் கேட்டான்:
"ஏன் சார் கொன்னீங்க?"
இருபது வருடமாக ஒரு பதில் வைத்திருந்தேன்.
எடுப்பதற்குள்
பின்வரிசையிலிருந்து செத்தவன் எழுந்தான்.
சேவுகன். தேவகோட்டையில் பெயின்ட் கடை,
கொஞ்சம் தொப்பை.
"தம்பி, அன்னைக்கு அந்த ஊருணியில
இடுப்பளவுதான் தண்ணி.
குத்தவச்சு உக்காந்துதான் செத்தேன்."

மாடியே குலுங்கியது.
அந்தச் சிரிப்பில்
லேப்டாப்பை நிறுத்த மறந்துவிட்டோம்.

பெயர்கள் ஓடிமுடிந்த நீண்ட கறுப்புக்குப் பின்,
டேப்பின் வாலில்
நான் வெட்டாமல் விட்டது:
சொட்டச் சொட்ட எழுந்து நின்று கேட்கிறான்,
"சரியாச் செத்தேனாடா?"
ஓரத்திலிருந்து ஒரு துண்டு நீள்கிறது,
அதைப் பிடித்த என் கை.
தலை துவட்டுகிறது.
துவட்டி முடிந்த பிறகும்
பிடரியில் நிற்கிறது.
வயலின் இல்லை. தூரத்தில் டவுன் பஸ் ஹாரன்.
புறா இல்லை.

யாரும் சிரிக்கவில்லை.
"அத இன்னொரு தடவ போடுங்க" என்றான் மூக்குத்தி.

சேவுகன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்,
கடைசி பஸ் போயிரும் என்று.
இரண்டையும் காலில் மாட்டிய பிறகும்
தேடிக்கொண்டிருந்தான்.