பத்தொன்பது

திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் பக்கம்
ஏ.டி.எம் வாசலில் எனக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி.
அதற்கும் முதுகில் விரிசல்.
செம்புக் கம்பியால் நானே தைத்தேன்.

இருபத்திரண்டு வருஷம் லாரி.
உதம்பூரில் ஏறினால் லே.
ஸ்டியரிங்கைக் கை பிடித்துக்கொள்ளும்,
ரோட்டைக் கீழ்முதுகு வாங்கிக்கொள்ளும்.
நாலாவது ஐந்தாவது எலும்புக்கு நடுவே
ஜவ்வு பிதுங்கியிருக்கிறது என்றார்கள்.
ஸ்கேன் பிலிமை ஜன்னலில் பிடித்துப் பார்த்த மங்கையர்க்கரசி
"இட்லிச் சட்டியில ஒரு தட்டு சாஞ்ச மாதிரி இருக்கு" என்றாள்.

வெளியே அனுப்புமுன் மெடிக்கல் போர்டு.
என் கடைசித் தம்பி வயதில் ஒரு மேஜர்.
குனிந்து கால்விரலைத் தொட முடியுமா என்றார்.
அங்கேதான் தப்பு நடந்தது.
'முடியுமா' என் காதில் விழவில்லை.
'குனி' விழுந்தது.
கண்ணுக்குள் பூச்சி பறக்கப் பறக்கத் தொட்டேன்.
நிமிர்ந்து, "யெஸ் சார்" வேறு.
அவர் கோணம் அளந்தார், எழுதினார்:
பத்தொன்பது சதவீதம்.

இருபதிலிருந்துதான் பணம்.

"ஒண்ணே ஒண்ணுதான் சார் குறையுது,"
மஞ்சக்குப்பம் ஆபீஸில் கிளார்க் வருத்தப்பட்டார்.
நல்ல மனுஷன், டீ வாங்கிக் கொடுத்தார்.
அந்த ஒன்றை நான் தினமும் பார்க்கிறேன்.
விழுந்த சில்லறையை எடுக்கப் போகையில்
தரைக்கும் எனக்கும் நடுவில் நிற்கும்.
கெடிலம் பாலத்தில் பஸ் குதிக்கும்போது
இருபது, நாற்பது என்று ஏறி
அக்கரை போவதற்குள் நூறைத் தொட்டுவிடும்.
நைட் டியூட்டிக்குக் கிளம்புகையில்
மங்கை கீழே உட்கார்ந்து சாக்ஸ் மாட்டிவிடுகிறாள்.
அவள் இடுப்புக்கு எத்தனை என்று
எந்த போர்டும் கூடவில்லை.

அடுத்த மாதம் சென்னையில் மறுபரிசோதனை.
அவள் தினமும் பயிற்சி கொடுக்கிறாள்,
கட்டிலுக்கும் பீரோவுக்கும் இடையில்.
"குனிங்க" என்பாள்.
சொல்லி முடிப்பதற்குள் விரல் தரையில்.
"பொய்யா சொல்லச் சொல்றேன்?
வலி ஆரம்பிக்கிற இடத்துல நில்லுங்க, போதும்."

அது எந்த இடம்?
அதைத் தாண்டி எப்படிப் போவது என்றுதான்
சம்பளம் கொடுத்துக் கற்றுக்கொடுத்தார்கள்.

நேற்று ராத்திரி
முழங்காலுக்கு நாலு விரற்கடை கீழே
கை நின்றது.
அவள் ஸ்கேல் எடுத்து வந்து அளந்தாள்.
அப்படியே இருங்க, அப்படியே இருங்க என்றாள்.
இருந்தேன்.
"யெஸ் சார்" மட்டும்
இன்னும் வந்துவிடுகிறது.