கடைசித் தவணை

நவம்பர் முடிவில் மலைக்குப் பின்னால் போன சூரியன்
இசாஃப்யோர்தூருக்கு இன்னும் திரும்பவில்லை.
பகல் பதினொரு மணிக்கும் சமையலறையில் விளக்கு எரிகிறது.
இறால் ஆலையில் இன்று எனக்கு விடுப்பு.
மேசையில் மடிக்கணினி, ஆறிப்போன காபி,
வங்கியிலிருந்து வந்த தாள்.

எட்டு வருடம் முன்பு வாங்கியது
மூன்று கோடியே பத்து லட்சம் குரோனா.
ஒரு மாதம் தவறவில்லை.
ஸ்தூர்லாவின் படகு எஞ்சின் செத்த குளிர்காலத்திலும்,
யூலியாவுக்குக் குடல்வால் எடுத்த வாரத்திலும் கட்டினேன்.
இன்று பாக்கி நான்கு கோடி.

அச்சுப் பிழை இல்லை.
இந்த நாட்டில் வீட்டுக்கடன்
விலைவாசியோடு கைகோத்து நடக்கும்.
பால் ஏறினால் கடன் ஏறும்.
பெட்ரோல் ஏறினால் கடன் ஏறும்.
தலைநகரில் எவளோ வாங்கும் புது சோபாவுக்கும்
என் அசலில் நாலு காசு கூடும்.

எனவே கணிப்பான்கள்.
முதல் வங்கியுடையது
இருக்கிற கடனிலேயே இரு என்றது.
அந்தக் கடன் அவர்களுடையது.
இரண்டாவது, மாறிவிடு என்றது,
தன்னிடம்.
மூன்றாவது, விடை காட்டுமுன் தொலைபேசி எண் கேட்டது.
தங்கையை விட்டுப் போனவனின் எண்ணைக் கொடுத்தேன்.
நான்காவது நுகர்வோர் சங்கத்துடையது.
அழகில்லை, படமில்லை, சிரிக்கும் குடும்பமில்லை.
நம்பலாம் போலிருந்தது.

அது கேட்டது:
வரும் ஆண்டுகளில் பணவீக்கம் எவ்வளவு இருக்கும்?

நான் இறால் தரம் பிரிக்கிறவள்.
அதை உன்னிடம் கேட்கத்தானே வந்தேன்.

கேள்விக்குக் கீழே ஒரு கோடு,
கோட்டின் மேல் நகரும் சின்ன வட்டம்.
இடப்பக்கம் இழுத்தேன், இரண்டரை:
பழைய கடன் சாதுவாகப் படுத்துக்கொண்டது.
வலப்பக்கம் ஏழு:
எண்கள் பால்போலப் பொங்கிக்
கட்டத்துக்கு வெளியே வழிந்தன.
இவ்வளவுக்கும் என் விரல் நகர்ந்தது
ஒரு நகத்தின் அகலம்.

அரைமணி கழித்துத்தான் கவனித்தேன்.
எங்கே தொடங்கினாலும் நான் அந்த வட்டத்தை
ஐந்தே காலில் கொண்டுவந்து நிறுத்துகிறேன்.
ஐந்தில் மாறுவது நஷ்டம்.
ஐந்தே காலில் லாபம்.
ஆக, முடிவு எப்போதோ எடுத்தாயிற்று.
நான் தேடிக்கொண்டிருந்தது
சாட்சி சொல்ல ஓர் ஆளை.

ஏன் என்றால்,
அட்டவணையின் கடைசி வரிவரை போய்ப் பார்த்துவிட்டேன்.
யாரும் அவ்வளவு கீழே போவதில்லை என்று நினைக்கிறேன்.
முந்நூற்று எண்பத்து நான்காம் தவணை.
அன்று எனக்கு எண்பத்தொன்று.
ஸ்தூர்லாவுக்கு எண்பத்தேழு.
மாற்றிக்கொண்டால் எழுபத்து நான்கில் முடியும்.
மாதம் ஒன்றரை லட்சம் கூடுதல்.
குழந்தைகள் எத்தனை என்பதற்குக் கட்டம் உண்டு,
ஸ்தூர்லாவின் முழங்காலுக்கு இல்லை.
ஆலைக்குப் புது இயந்திரம் வரும் என்ற பேச்சை
எந்தக் கட்டத்தில் போடுவது?

சூரியன் என்று வரும் என்பது
இங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும்.
ஜனவரி கடைசி வாரம், சில நிமிடம்.
அன்று ஊரே அப்பம் சுட்டுக் காபி குடிக்கும்.
தேதி தப்பாது.
போன வருடம் மேகம். அப்பம் மட்டும் தின்றோம்.

வாசலில் பூட்ஸைக் கழற்றும் சத்தம்.
"என்ன சொல்லுது?" என்றான்.
"நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்கிறது."
சிரிக்கவில்லை.
என் தோளுக்கு மேலாகக் குனிந்து,
டீசல் வாடை வீசும் கட்டைவிரலால்
வட்டத்தைப் பிடித்து இழுத்தான்,
மூன்றைத் தாண்டி, ஒன்றைத் தாண்டி,
பூஜ்யத்துக்கு.

கட்டக் கட்டக் குறைகிற கடன்.
வரிக்கு வரி, பார்க்கவே ஆசையாக இருந்தது.

மறுபடி ஐந்தே காலுக்கு நகர்த்தப் போனேன்.
"இருக்கட்டும்," என்றான்,
"நான் காபி போடும்வரை."