ஒலிபெருக்கி கட்டுகிறவன்

மட்டிக்களியில் கூட்டம்.
பெட்டி நாலு, குழல் ரெண்டு,
வயர் இழுத்துக் கட்டினது நான்.

"முந்நூற்று அறுபத்தைந்தில்
ஒரு எழுத்தும் மாறக்கூடாது.
ஆணோடு ஆண்! இந்த மண்ணில்
இல்லாத வருத்தம் இது!"
கெங்காதரன் ஐயா முழங்க, கைதட்டு.

ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால்
அவர் மூச்சிழுப்பது மைக்கில் மெல்லக் கேட்கும்.
சனத்துக்கு அது இரைச்சல்.
எனக்கு,
உப்புவெளி அறையில் கரண்ட் போன இரவுகளில்
பிடரியில் பட்டுக்கொண்டிருந்த காற்று.

இரைச்சலைக் குறைக்கிற திருகு
என் பெருவிரலுக்குக் கீழே.
பக்கத்திலேயே, எல்லாவற்றையும் நிறுத்துகிற ஆளி.

மேடைக்குப் பின்னால்
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
மதிலில் அவருடைய முகத்தைப்
பசையோடு உரித்துத் தின்கிறது.
நெற்றி போய்விட்டது, வாயும்.
இப்போது கும்பிட்ட கைகளில் நிற்கிறது.
யாரும் துரத்தவில்லை.

கூட்டம் முடிய, காரியதரிசி
காசை எண்ணித் தந்தான், ஆயிரம் குறைய.
போன் அதிர்ந்தது:
"சவுண்ட் நல்லாயிருந்தது. பத்துக்கு வா."

பதில் போடவில்லை.
வயரைச் சுருட்டுகிறேன்,
முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவில்
சுற்றிச் சுற்றி.
இன்னும் சூடாய்த்தான் இருக்கிறது.