ஒழுகாத பெட்டி

முதல் மாதிரி அட்டையில்.
பிஸ்கட் பெட்டி, பிரவுன் டேப், என் அளவுகோல்.
அஞ்சலாட்சி தலையில் வைத்துப் பார்த்து
இறக்கினாள்.
"மீன் இல்லாத வரைக்கும் நல்லாத்தான் இருக்கு."

இரண்டாவது பெயின்ட் டப்பா.
மூடி அத்தனை இறுக்கம்.
நெல்லிக்குப்பம் சந்தையில் திறக்க முடியாமல்
கரும்புச்சாறுக் கடைக்காரரிடம்
அரிவாள் கேட்க வேண்டியதாயிற்று.

மூன்றாவதில்
ஐஸ் உருகிய நீர் தேங்குவதற்கு
அடியில் ஒரு பொய்த்தளம்.
எனக்குப் பெருமையாக இருந்தது.
சோனாங்குப்பம் ஏலக்கூடத்தில்
பரிபூரணம் அதைக் கவிழ்த்துப் போட்டு
மேலே உட்கார்ந்து சங்கரா ஆய ஆரம்பித்தாள்.
"ஒக்கார ஒண்ணு வேணும்னு
ரொம்ப நாளா நெனச்சிக்கிட்டிருந்தேன்."
குறிப்பேட்டில் எழுதினேன்: கால் வேண்டும்.

நான்காவது, ஓ.டி. வெல்டர் ஷாகுல் அமீது கையால்.
கால் மடங்கும். மூடி அரியும் பலகையாகும்.
இரவு முழுக்கத் தண்ணீர் நிரப்பி
அடியில் செய்தித்தாள் விரித்து வைத்தோம்.
விடியலில் காகிதம் காய்ந்தே கிடந்தது.
அன்றைய டீ என் கணக்கு.

மறுநாள் ஐந்து நாற்பது டவுன் பஸ்.
மீனே படாத பெட்டி,
பெயின்ட் வாசம்கூடப் போகாதது.
முன்னால் அஞ்சலாட்சி, பின்னால் நான்.
படியிலேயே கண்டக்டரின் கை மறித்தது.
"ஏத்த முடியாது. நாறும்."
"தொறந்து பாருங்க சார்."
அவர் பெட்டியைப் பார்க்கவில்லை,
அவள் சேலையைப் பார்த்தார்,
விசில் ஊதினார்.

இரண்டடிக்கு ஒன்றரை அடி,
உயரம் பதினான்கு அங்குலம்.
எல்லாம் அளந்துதான் வைத்திருந்தேன்.

ஐந்தாவதை அவர்களே செய்தார்கள்.
ஏலம் முடிந்து கழுவிவிட்ட தரையில்
சுண்ணாம்புக் கட்டியால் ஒரு பஸ்.
படி மூன்று. டிரைவருக்கு பிளாஸ்டிக் நாற்காலி.
அஞ்சலாட்சிதான் கண்டக்டர்,
எங்கிருந்தோ கிடைத்த நிஜ விசிலோடு.
கூடை என் தலையில்.

"எறங்கு."
"லக்கேஜுக்குக் காசு தரேன்."
"எறங்கு."
சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும்தான்.
மூன்றாம் தடவை
என் குரல் கெஞ்சுவது எனக்கே கேட்டது.
விளையாட்டுதான்.
கழுத்தில் வழிந்த ஐஸ் தண்ணீரை
ஏனோ துடைக்கத் தோன்றவில்லை.

டிப்போவுக்கு மூன்று கடிதம் போட்டபின்
ஒரு வியாழக்கிழமை
இரண்டு கண்டக்டர்கள் வந்தார்கள்.
ஒருவர் போனிலேயே இருந்தார்.
மற்றவர் கோட்டை மிதிக்காமல் கொஞ்ச நேரம் நின்று
"பின்படி இங்க வராது" என்று
காலால் அழித்துச் சரியாக வரைந்தார்.
கடைசி சீட்டுக்கு அடியில் கட்டமிட்டு
"நாலு பெட்டி போகும்" என்றார்.
"ஆறு," என்றாள் பரிபூரணம்.
அரைமணி நேரச் சண்டை.

இப்போது ஏலக்கூடத் தூணில் கரிக்கோடு:
ஏறிய நாளுக்கு நின்ற கோடு,
ஏறாத நாளுக்குப் படுத்த கோடு.
அவர் டூட்டி என்றால் நிற்கிறது.

"மாதிரி மாதிரின்னே சொல்றியே,
அசல் எப்பதான் வரும்?"
நேற்று கேட்டாள் அஞ்சலாட்சி.
பதில் இல்லை என்னிடம்.
ஆறாவது பெட்டியின் ஒரு கால் வளைந்திருக்கிறது,
ஷாகுல் கடை திறந்திருக்கிறதா
பார்க்க வேண்டும்.